திரையில்லாத கணினி: மெயின்பிரேம் நாட்களில் வேலை எப்படி இருந்தது?

"64 கேபி நினைவகத்தை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்தீர்கள்? திரை கிடையாது, மவுஸ் கிடையாது. அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் ஏன் அதைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசுகிறார்கள்?" இதுதான் கேள்வி. ஐ.பி.எம். சிஸ்டம்/360, 370 என்ற மெயின்பிரேம்களில், அதாவது அறையை நிறைக்கும் பெரிய கணினிகளில், முதலில் ஆபரேட்டராகவும் அப்புறம் புரோகிராமராகவும் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

அது பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி நாள் காத்திருப்பிலேயே போனது, மீதியில் பாதி கார்டு சிக்கியதைப் பிடுங்குவதில் போனது. ஆனால் அன்று கணினி செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். தரவைக் கையில் தூக்கிப் பார்த்தே இவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இன்று அதில் எதுவும் இல்லை. பழைய ஆட்கள் ஏங்குவது இயந்திரத்துக்காக அல்ல, அந்த நெருக்கத்துக்காக என்பது என் கணிப்பு.

கார்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். பஞ்ச் கார்டு என்பது துளை போட்டுத் தரவைப் பதிக்கிற அட்டை. ஐ.பி.எம். கார்டில் 80 பத்திகள், 12 வரிசைகள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. ஆங்கில 'ஏ' என்றால் 12-ஆம் வரிசையிலும் 1-ஆம் வரிசையிலும் துளை, 'பி' என்றால் 12-லும் 2-லும். சில மாதம் பழகியவர்கள் மேலே அச்சான எழுத்தைப் பார்க்காமல் துளையைப் பார்த்தே படிப்பார்கள். படித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் துளை போடும் கீபஞ்ச் இயந்திரத்தின் ரிப்பன் பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும்.

கீபஞ்ச் என்பது மேசை அளவு இயந்திரம். 1964-இல் வந்த 029 மாடல்தான் எங்கள் தலைமுறைக்குப் பழக்கம். அதில் அழிக்கிற பொத்தான் கிடையாது, துளை விழுந்தால் விழுந்ததுதான். 43-ஆம் பத்தியில் தப்பு செய்துவிட்டால் புதுக் கார்டை உள்ளே விட வேண்டும். டூப் பொத்தானை அழுத்தினால் பழைய கார்டில் இருக்கிற 42 பத்திகளும் அப்படியே புதிதில் இறங்கும். 43-ஐ மட்டும் சரியாக அடித்துவிட்டு, மிச்சத்தையும் டூப் போட வேண்டும். 42-இல் நிறுத்தத் தெரிவது ஒரு தனிக் கலை. விரல் ஒரு நொடி தாமதித்தால் தப்பும் சேர்ந்தே நகலாகிவிடும்.

பணம் சம்பந்தப்பட்ட தரவு என்றால் ஒரு முறை அடித்தால் போதாது. ஒருவர் அடித்த கார்டுகளை வேறொருவர் வெரிஃபையர் இயந்திரத்தில் வைத்து அதே தாளைப் பார்த்து மறுபடி முழுவதும் அடிப்பார். இரண்டும் பொருந்தினால் கார்டின் வலது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். பொருந்தாவிட்டால் எந்தப் பத்தியில் தகராறோ அதன் தலையில் வெட்டு விழும். ஆக, கார்டுக் கட்டைக் கையில் எடுத்து வலது ஓரத்தைப் பார்த்தாலே எல்லாம் சரிபார்த்தவையா என்று தெரிந்துவிடும். வெட்டு விழாத ஒரு கார்டு நடுவில் இருந்தாலும் கண்ணில் படும். இதைவிடத் தெளிவான தரவுச் சரிபார்ப்பு முறையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கார்டுக் கட்டு கை தவறிக் கீழே விழுவதைப் பற்றி எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒரு பெட்டிக்கு 2000 கார்டு. அது சிதறினால் என்ன செய்வது? ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியில் 1 முதல் 5 வரையான பத்திகளில் கட்டளையின் எண், 6 தொடர்ச்சிக் குறி, 7 முதல் 72 வரை கட்டளை. 73 முதல் 80 வரை கம்பைலர், அதாவது நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், கண்டுகொள்ளாது. அந்த எட்டுப் பத்திகளில் வரிசை எண் அடித்து வைத்திருந்தால் தப்பித்தீர்கள். சார்ட்டர் என்று ஓர் இயந்திரம் இருந்தது. 083 மாடல் நிமிடத்துக்கு 1000 கார்டு பிரிக்கும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு பத்தியைத்தான் பார்க்கும். அதனால் கடைசி இலக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு பத்தியாக முன்னோக்கி வர வேண்டும். 80-ஆம் பத்தியில் பிரித்து, அடுக்கி, 79-இல் பிரித்து, அடுக்கி... இன்று கல்லூரியில் 'ரேடிக்ஸ் சார்ட்' என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நாங்கள் அதைக் கையால் செய்தோம். வரிசை எண் அடிக்கச் சோம்பல் பட்டவர்கள் கட்டின் மேல்முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கோடு சேருகிற வரை கார்டுகளை மாற்றி மாற்றி வைத்தால் வரிசை வந்துவிடும். நாலைந்து தடவை திருத்தம் செய்த புரோகிராமில் அந்தக் கோடு பல் போன சீப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, கட்டு தயார். அதைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுக்க வேண்டும். புரோகிராமருக்கு இயந்திர அறைக்குள் அனுமதி கிடையாது. உள்ளே ஆபரேட்டர்கள் பல பேருடைய கட்டுகளைச் சேர்த்து ரீடரில் வைத்து ஓட்டுவார்கள். முடிவு வர சில மணி நேரம் ஆகும், மாதக் கடைசி என்றால் மறுநாள். கோபோல் என்ற இன்னொரு மொழியில் ஒரு முற்றுப்புள்ளியை விட்டிருந்தால் பக்கம் பக்கமாகப் பிழைச் செய்தி வரும். புள்ளியைச் சேர்த்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

"அதனால்தான் அன்று எல்லோரும் கவனமாக எழுதினார்கள், இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஒழுக்கம் இல்லை" என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். கவனமாக எழுதியவர்களும் இருந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர்களும் இருந்தார்கள். மேசையில் உட்கார்ந்து புரோகிராமைப் பென்சிலோடு வரி வரியாக ஓட்டிப் பார்த்தது ஒழுக்கத்தினால் அல்ல, வேறு வழி இல்லாததால். இயந்திரத்தின் ஒரு மணி நேரம் மனிதனின் ஒரு மணி நேரத்தைவிடப் பல மடங்கு விலை அதிகம். கணக்கு மாறியதும் பழக்கமும் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது அந்த 64 கேபி விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியின் நிஜமான பகுதி இதுதான். சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு, மின்கட்டணம் எல்லாம் எப்படி அதில் அடங்கின?

அடங்கவே இல்லை. அடக்க வேண்டிய அவசியமும் இல்லை. தரவு முழுவதும் காந்த டேப்பில் இருக்கும், நினைவகத்துக்குள் ஒரு சமயத்தில் இரண்டே பதிவுகள் இருந்தால் போதும். எல்லாக் கணக்குகளும் எண் வரிசையில் பழைய மாஸ்டர் டேப்பில் இருக்கின்றன. இன்றைய மாற்றங்களும் அதே எண் வரிசையில் இன்னொரு டேப்பில். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பதிவு எடுத்துக்கொள். மாஸ்டர் எண் சிறியதா? அதற்கு மாற்றம் எதுவும் மிச்சமில்லை, புது டேப்பில் எழுதிவிட்டு அடுத்த மாஸ்டரை எடு. இரண்டும் சமமா? மாற்றத்தைச் செய்துவிட்டு அடுத்த மாற்றத்தை எடு. மாற்றத்தின் எண் சிறியதா? அது புதுக் கணக்கு, அல்லது பிழை. இந்த மூன்று கேள்விகளை வைத்து எத்தனை லட்சம் கணக்கையும் முடித்துவிடலாம். நினைவகம் எவ்வளவு என்பது பிரச்சினையே இல்லை. டேப் தீர்ந்துபோனால் அடுத்த டேப்பை மாட்டுவோம்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. பழைய டேப்பில் யாரும் எழுதுவதில்லை, புதுசாகத்தான் ஒன்று உருவாகும். அதனால் நேற்றைய டேப், முந்தாநாளைய டேப் எல்லாம் அப்படியே அலமாரியில் இருக்கும். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையை வைத்திருப்பது வழக்கம். மகன் கெட்டுப்போனால் அப்பாவையும் இன்றைய மாற்றங்களையும் வைத்து மறுபடி ஓட்டினால் மகன் வந்துவிடுவான். அப்பாவும் கெட்டால் தாத்தா இருக்கிறார். தவறுதலாக யாரும் பழைய டேப்பில் எழுதிவிடாதபடி ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. சுருளின் பின்பக்கப் பள்ளத்தில் அந்த வளையம் இருந்தால்தான் டிரைவ் எழுதும். வளையம் இல்லையென்றால் புரோகிராம் என்ன கெஞ்சினாலும் எழுதாது.

டேப்பில் இடத்தை மிச்சம் பிடிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி. அரை அங்குல அகலம், 2400 அடி நீளம், அங்குலத்துக்கு 1600 எழுத்து. ஒரு கார்டின் 80 எழுத்து அதில் 0.05 அங்குலத்தில் அடங்கிவிடும். ஆனால் டேப் ஓடி, நின்று, மறுபடி ஓடுவதற்கு ஒவ்வொரு எழுத்துக் கட்டுக்கும் நடுவில் 0.6 அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டு கார்டாக எழுதினால் தரவைப்போல் 12 மடங்கு வெற்றிடம்! முழுச் சுருளிலும் ஏறக்குறைய 44,000 கார்டுதான் பிடிக்கும். அதையே 50 கார்டைச் சேர்த்து 4000 எழுத்தாக ஒரே கட்டில் எழுதினால் 4,60,000-க்கு மேல் பிடிக்கும். இதற்கு விலை நினைவகம். ஒரு கட்டு படிக்கப்படும்போதே இன்னொன்றில் வேலை நடக்க வேண்டுமென்றால் நினைவகத்தில் இரண்டு பஃபர் (ஒரு கட்டைத் தாங்கும் தற்காலிக இடம்), அதாவது 8000 பைட். 64 கேபியில் 8000 போனால் யோசிக்கத்தான் வேண்டும். ஒரே கோப்புக்கு எத்தனை பதிவை ஒரு கட்டாக்கலாம் என்று இரண்டு பேர் மதியம் முழுக்க வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேறு விதமான வேலைகளும் இதே குடும்பத்து இயந்திரங்களில் நடந்தன. அப்போலோ பயணங்களுக்காக ஹூஸ்டனில் இருந்த கணினி மையத்தில் ஐந்து சிஸ்டம்/360 மாடல் 75 இயந்திரங்கள் இருந்தன. ஜாப்களை, அதாவது ஓட்ட வேண்டிய வேலைகளை, வரிசைப்படுத்தவும் அச்சை டிஸ்கில் சேர்த்து வைக்கவும் நாங்கள் பயன்படுத்திய ஹாஸ்ப் மென்பொருளும் அந்த ஹூஸ்டன் வேலையிலிருந்து பிறந்ததுதான்.

இயந்திர அறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. தரையை உயர்த்திப் பலகை போட்டிருப்பார்கள், அடியில் கை தடிமனில் கேபிள்கள். குளிர் எலும்பைத் துளைக்கும், எங்களுக்காக அல்ல, இயந்திரத்துக்காக. முகப்புப் பலகையில் வரிசை வரிசையாகச் சின்ன விளக்குகள். புரோகிராம் ஓடும்போது அவை கலந்து மினுங்கிக்கொண்டே இருக்கும். ஒரே கோலத்தில் மினுங்க ஆரம்பித்தால் யாரோ ஒருவருடைய புரோகிராம் சுழலில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். டேப் டிரைவ்கள் ஒரு மாதிரி தாளம் போடும். கோப்பைப் படித்துக்கொண்டே போகும் சத்தம் ஒன்று, சார்ட் நடக்கும்போது முன்னும் பின்னும் இழுபடும் சத்தம் வேறு. இரவு ஷிப்டில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டே "மூணாவது டிரைவ் நின்னு போச்சு, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் நின்றுதான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை: அந்த இயந்திரங்கள் வேலை செய்யும்போது ரேடியோ அலையையும் கொஞ்சம் கசியவிடும். ஐ.பி.எம். 1401 போன்ற கணினிகளின் பக்கத்தில் சாதாரண ரேடியோவை வைத்தால் ஊளைச் சத்தம் கேட்கும். கட்டளைகளின் கால அளவை மாற்றி மாற்றி அந்த ஊளையையே பாட்டாக்குகிற புரோகிராம்களை எழுதியவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விடச் சத்தம் பிரிண்டருடையது. 1403 சங்கிலி பிரிண்டர். சாதாரண மாடல் நிமிடத்துக்கு 600 வரி, வேகமானது 1100 வரி, வரிக்கு 132 எழுத்து. எழுத்துகள் ஒரு சங்கிலியில் கிடைமட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். தேவையான எழுத்து தேவையான இடத்துக்கு வரும் கணத்தில் பின்னாலிருந்து ஒரு சுத்தியல் காகிதத்தை அடிக்கும். அதன் அச்சு இன்றைக்கும் படிக்க அழகாக இருக்கும். வேகமான என்1 மாடலுக்கு ஒரு குணம் உண்டு, காகிதம் தீர்ந்தால் மூடி தானாகவே மேலே எழும்பும். புதிதாக வந்தவர்கள் சமமான இடம் என்று அதன் மேல் கார்டுக் கட்டை வைப்பார்கள். பழையவர்கள் பார்த்தாலும் சொல்ல மாட்டார்கள்.

ஃபோர்ட்ரானில் அச்சு வரியின் முதல் எழுத்து அச்சாகாது, அது பிரிண்டருக்கான கட்டளை. '0' என்றால் ஒரு வரி விட்டு அடி, '1' என்றால் புதுப் பக்கத்துக்குப் போ. இதை மறந்து எண்ணை முதல் பத்தியிலிருந்தே அச்சிட ஒருவர் எழுதி, அந்த எண் 1-இல் தொடங்கினால் போச்சு. ஒரு வரிக்கு ஒரு பக்கம் என்று காகிதம் பிரிண்டரின் பின்னாலிருந்து ஆளுயரத்துக்குப் பாயும். ஆபரேட்டர் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அரைப் பெட்டி காலியாகியிருக்கும்.

கணினியின் முகப்பில் ஒரு சிவப்புக் குமிழும் உண்டு, அவசரத்துக்கு இழுக்க. இழுத்தால் முழு இயந்திரத்துக்கும் மின்சாரம் துண்டாகும். ஒரு தடவை இழுத்தால் நாமே உள்ளே தள்ள முடியாது, பராமரிப்புப் பொறியாளர் வந்து பலகையைத் திறந்துதான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் யார் இழுத்தார்கள் என்பது கட்டாயம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

புரோகிராம் பாதியில் செத்தால் வருவது டம்ப். நினைவகம் முழுவதும் பதினாறடிமான எண்களாக அச்சாகி, கை வலிக்கிற கனத்தில் வரும். அதில் தேடுவது எனக்கு மிகப் பிடித்த வேலை. அடிக்கடி வருவது 'சாக் செவன்', அதாவது எஸ்0சி7. எண்ணாக இல்லாத ஒன்றை எண் என்று நினைத்துக் கூட்டப் பார்த்திருக்கிறது என்று பொருள். முதலில் பிஎஸ்டபிள்யூவை, அதாவது புரோகிராம் எங்கே நிற்கிறது என்று இயந்திரம் வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து எந்த முகவரியில் நின்றது என்று குறித்துக்கொள்வோம். அது தவறிய கட்டளைக்கு அடுத்த கட்டளையைக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அதிலிருந்து புரோகிராம் ஏற்றப்பட்ட முகவரியைக் கழித்தால் கம்பைல் பட்டியலில் எந்த வரி என்று தெரியும். அந்த வரி எந்தப் புலத்தை, அதாவது பதிவின் எந்தத் தரவுப் பகுதியை, தொட்டது, அந்தப் புலம் டம்ப்பில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக்கொண்டே போனால் குற்றவாளி சிக்கும்.

பெரும்பாலும் அது யாரோ நிரப்பாமல் விட்ட கார்டுப் புலமாக இருக்கும். ஐ.பி.எம். குறியீட்டில் வெற்றிடம் என்பது 40. தொகை அடிக்க வேண்டிய நான்கு பத்திகள் காலியாக இருந்தால் 40 40 40 40. இதைக் கணக்குக்காகச் சுருக்கும்போது கடைசி 40 தலைகீழாகி 04 ஆகும், அந்தக் கடைசி 4 கூட்டல் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரும். அந்த இடத்தில் ஏ முதல் எஃப் வரைதான் செல்லும். 4 என்பது குறியே இல்லை. இயந்திரம் கையை விரித்துவிடும். ஆயிரக்கணக்கான கார்டுகளில் எது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு கார்டை உருவிக் கையில் பிடிக்கும்போது வருகிற திருப்தி தனி.

ஜே.சி.எல் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எந்தப் புரோகிராமை ஓட்ட வேண்டும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று இயக்க முறைமைக்குச் சொல்கிற மொழி அது. 360-இன் இயக்க முறைமையான ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸே பிற்காலத்தில் அதைக் கடுமையாகக் குறை சொன்னார். ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு உண்டு. ஐஇஎஃப்பிஆர்14 என்று ஒரு புரோகிராம். அதன் வேலை எதுவுமே செய்யாமல் திரும்பி வருவது. கோப்புகளை உருவாக்கவும் அழிக்கவும் ஜே.சி.எல்-க்கு ஏதாவது ஒரு புரோகிராமை ஓட்டியாக வேண்டும், அதற்காக இந்த ஒற்றைக் கட்டளைப் புரோகிராமை வைத்திருந்தார்கள். அதிலும் பிழை இருந்தது! திரும்பும்போது, வேலை முடிந்த விதத்தைச் சொல்லும் 15-ஆம் ரெஜிஸ்டரைச் (செயலிக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) சுழியாக்கவில்லை, அதனால் வேலை தோற்றதாகக் கண்டபடி எண் வரும். திருத்தத்துக்கு இன்னொரு கட்டளை சேர்த்தார்கள், புரோகிராம் இரண்டு கட்டளை ஆனது.

1971-இல் திரையும் விசைப்பலகையும் உள்ள 3270 டெர்மினல்கள் வந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கார்டு மறைந்தது. புரோகிராமரின் மேசைக்கே வேலை வந்தது, யாரும் அதற்காக வருத்தப்படவில்லை, நானும்தான். ஆனால் கார்டு முழுசாகப் போய்விடவில்லை. அந்தத் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது கார்டின் அகலம். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியதும் 80 பத்திக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருந்ததால்தான். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது அதற்காக உலகமே புரோகிராம்களைத் தோண்டித் திருத்தியது.

அந்தப் பழைய விஷயங்கள் இன்று பயன்படுமா என்றும் சிலருக்குச் சந்தேகம் இருக்கும். மெயின்பிரேம் வேலைக்குப் போகிறவராக இருந்தால் நிச்சயம் பயன்படும். 360-க்காக எழுதிய சாதாரணப் பயன்பாட்டுப் புரோகிராம்கள் பல இன்றைய ஐ.பி.எம். மெயின்பிரேமில் மாற்றமில்லாமல் ஓடும், அந்தத் தொடர்ச்சியைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஜே.சி.எல் வரியில் 72-ஆம் பத்திக்கு அப்புறம் எழுதினால் இன்றும் கணக்கில் வராது. கோபோலில் எண் புலத்துக்குள் வெற்றிடம் புகுந்தால் இன்றும் சாக் செவன் வரலாம், அதே காரணத்துக்காக. கருவிகள் இப்போது தவறிய வரியை நேரடியாகவே காட்டிவிடும். இருந்தாலும் ஒரு தடவையாவது டம்ப்பை எடுத்து, முகவரியைக் கழித்து, அந்த 40-களை நீங்களே தேடிப் பிடித்துப் பாருங்கள்.